பாதி பையான் நிறையில்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மும்பை மழை. சயானில் பஸ் இல்லை. பாதி தூரம் நடை, செருப்பு வார் அறுந்தது.

வெள்ளிக்கிழமை செமினார். அதில் தேறினால்தான் தீசிஸ் கொடுக்க முடியும். ஆறாவது வருடம். கையில் இருப்பது ஒரே ஒரு முக்கியமான வரைபடம். அதுவும் தப்பு.

கணினிக் கணக்கில், புரோட்டானுக்குள் இருக்கும் u குவார்க், d குவார்க் இரண்டின் சமநிலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே போகிறோம். அந்தச் சாய்வின் அளவு μ. குளிர்ந்த நிலையில், குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் சேர்ந்த பையான் என்ற துகளின் நிறையை μ எட்டும்வரை ஒன்றும் நடக்கக் கூடாது. அதைத் தாண்டினால் பையான்கள் கூட்டமாக ஒரே நிலையில் போய் விழும். அதுதான் கண்டன்சேட். என் படத்தில் பாதி நிறையிலேயே விழுகின்றன. அப்படி நடக்கவே முடியாது.

கைடு, மாட்டுங்காக்காரர். கோபமே வராது, அதுதான் எரிச்சல். "λ-வோட மிச்சமா இருக்கும்மா. இன்னும் சின்னதா வெச்சுப் பாரேன்." λ என்பது கணக்கு தடுமாறாமலிருக்க நாங்களே போடும் சின்ன உந்துதல். கடைசியில் அதைப் பூஜ்யமாக்க வேண்டும். மூன்று வாரமாக அதைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறேன்.

"குறைச்சுட்டேன் சார். இடம் மாறவே இல்ல."

"இன்னும் கொஞ்சம்."

இந்த 'இன்னும் கொஞ்சம்' கேட்டே ஆறு வருடம் போனது.

ஜூலை 9, புதன்

லீவு. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள்; எங்கள் வீட்டை அளக்க சர்வேக்காரர்கள் வருகிறார்களாம். அப்பாவுக்கு அம்பர்நாத் பேக்டரியில் ஷிப்ட். அம்மாவுக்கு இந்தி பேச வரும், ஃபாரம் படிக்க வராது. ஆக, நான். செமினாருக்கு இரண்டு நாள் இருக்கும்போது.

மணி பதினொன்று. வரவில்லை. கணக்கு ஓடும் கம்ப்யூட்டர் கிளஸ்டரும் பராமரிப்புக்காக நிறுத்தம். வேறு வழியில்லாமல் அந்தக் கணக்கின் கம்ப்யூட்டர் கோடைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தேன். சார் இளைஞராக இருந்தபோது தானே எழுதியது. அதைச் சந்தேகிக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

அம்மா: "அதுக்குள்ள என்னத்தட்டி தேடுத?"

பையான்கள் ஒன்றுசேர்வதைச் சொன்னேன்.

"அது எங்க இருக்கு?"

"நியூட்ரான் நட்சத்திரத்துக்குள்ள இருக்கலாம்னு சொல்லுதாங்க."

"போய்ப் பாத்தவன் எவன்?"

"எவனும் இல்ல."

"அப்ப இந்த முருங்கைக்காய நறுக்கு."

நறுக்கினேன். சாம்பார், அப்பளம். மறுபடி கோடு.

மூன்று இருபது. கிடைத்தது. μ-வைப் பாதியாக்கி, u-வுக்கு ஒரு பாதியைக் கூட்டி, d-க்கு ஒரு பாதியைக் குறைக்க வேண்டும். மேலே விளக்கக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. கீழே கோடில், பாதியாக்காமல் இரண்டுக்கும் முழு μ. நான் ஒன்று என்று கொடுத்தபோதெல்லாம் அது இரண்டாக எடுத்திருக்கிறது. தாளில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சரிதான்.

அதே நேரம் வாசலில், "கோயி ஹை க்யா?" யாராவது இருக்கிறீர்களா என்று சர்வேக்காரர், கையில் டேப். என் கண்ணில் தண்ணீர். அம்மா பயந்துவிட்டாள்.

"ஏட்டி, ஏன் அழுத? வீட்ட எடுத்துருவானா?"

"இல்லம்மா. ரெண்டால பெருக்கணும். அவ்வளவுதான்."

ஜூலை 10, வியாழன்

μ அச்சை இரண்டால் பெருக்கினேன். பத்து நிமிட வேலை. மாற்றம் சரியாகப் பையான் நிறையில் வந்து நின்றது. மூன்று வாரம் λ-வைக் குறைத்தது தண்டம்.

சாரிடம் காட்டினேன். "இது நான் எழுதினது" என்றார். பிறகு, "ஸ்லைட்ல 'கன்வென்ஷன் திருத்தப்பட்டது'ன்னு ஒரு வரி போட்டுடு. போறும்."

கன்வென்ஷனா? அது எழுதும் வழக்கம், இது தப்பு. அவருடைய பழைய பேப்பர்கள் இரண்டும் இதே கோடில் வந்தவை. அதிக வெப்பத்தில் செய்தவை, அங்கே இந்த எல்லை அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. அவருக்கும் அது புரிந்திருக்கும். கேட்க வாய் வரவில்லை. அந்த ஒரு வரியைப் போட்டேன். பிடிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

செமினார். புனேயிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அந்த வரியிலேயே நிறுத்தினார். இதே கோடில் வந்த பழைய முடிவுகளையும் இது பாதிக்குமா என்று கேட்டார்.

சாரைப் பார்த்தேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று தப்பித்திருக்கலாம்.

"பாதிக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

பிறகு சார் எழுந்தார். கோடு தன்னுடையது, தப்பும் தன்னுடையது, இரண்டு பேப்பரையும் திருத்த வேண்டும், கண்டுபிடித்தது இவள் என்றார். உட்கார்ந்தார். ஒரு நிமிடம் அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கோ போய்விட்டது.

தேறிவிட்டேன்.

டீ, சமோசா. எல்லோரும் சாரைச் சுற்றி. என்ன நேர்மை, என்ன பெருந்தன்மை. எக்ஸ்டர்னல் என்னிடம் வந்து, இப்படி ஒரு கைடு கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். நான் சமோசாவை மென்றேன்.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. பத்து மணிவரை தூக்கம்.

சாரிடமிருந்து வாட்ஸ்அப்: "செல்வி, ரெண்டு பேப்பருக்கும் திருத்தக் குறிப்பு எழுதணும். நீயே எழுதிடேன், உனக்குத்தான் எல்லாம் தெரியும். திங்கள்கிழமைக்குள்ள."

படித்தேன். சரி சார் என்று அடித்தேன். அழித்தேன்.

"சார், அது உங்க பேப்பர். நீங்க எழுதுங்க. நான் சரி பார்த்துத் தரேன்."

அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக்.