ஷெட் என்று எழுதியது என் கை

என் அக்காவையும் ஓடைக்கரை நாவல் மரத்தையும் ஒரே அளவுக்கு நேசித்த மச்சானுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாள் கழித்து எழுதுகிறவன் நல்ல வார்த்தையாக நாலு சொல்லித்தான் தொடங்க வேண்டும். அதற்கெல்லாம் எனக்கு இப்போது பொறுமை இல்லை. எரிச்சலோடுதான் எழுதுகிறேன். அதில் பாதி எரிச்சல் உங்கள் மேல்.

சிறுமலை அடிவாரத்தில் நீங்கள் கட்டிய மரக்கூடத்தைப் பிரிக்கப் போகிறார்கள். அங்கேயே சிமெண்டில் ஒரு கட்டடம் வரப்போகிறதாம். புது என்ஜினீயர் வரைபடத்தை மேஜையில் விரித்துக் காட்டினார். நாவல் மரம் நிற்கிற இடத்தில் கார் நிறுத்த இடம் போட்டிருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்குக் கட்டுச்சோற்றோடு மாட்டுவண்டியில் வருகிற ஜனத்துக்குக் கார் ஏது என்று கேட்டேன். "இனிமே வரும்ல" என்கிறார். எப்போதோ வரப்போகிற காருக்கு இப்போதே மரத்தை வெட்ட வேண்டுமாம்!

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். நயா பைசா வந்த வருஷம் அது. ஓடையைப் பார்க்க வருகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று நம் ஆபீசில் முடிவானது. நீங்கள் ஓவர்சியர், நான் குமாஸ்தா. ஒரு பச்சை மரத்தைக்கூட வெட்ட விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். வடமதுரை ரோட்டை அகலப்படுத்த வெட்டிப் போட்டிருந்த வாகையும் வேம்பும் விறகுக்குப் போக இருந்தன. அவற்றை மறித்துக் கொண்டுவந்தீர்கள். கூரைக்கு, காற்றில் சாய்ந்த முதிர்ந்த பனைகளைத் தேடி அகரத்துத் தோட்டங்களில் அலைந்தீர்கள்.

அஸ்திவாரம் என்று மண்ணைத் தோண்டவில்லை. தூண்களைக் கல்லின் மேல் நிறுத்தி, பலகைத் தளத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டீர்கள். ஓடை பெருகினால் தண்ணீர் அடியிலேயே போய்விடும். நாவல் மரம் தளத்தின் நடுவே வந்தது. அதைச் சுற்றிப் பலகையை வட்டமாக அறுக்கச் சொன்னீர்கள். ஆசாரிக்கு ஒரே சிரிப்பு.

"ஏங்க, மரம் பருத்தா என்ன செய்வீக?"

"இன்னொரு சுத்து அறுப்பேன்" என்றீர்கள். நீங்கள் எங்கே அறுத்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ரம்பத்தையும் வேப்பெண்ணெய் டின்னையும் தூக்கிக்கொண்டு நான்தான் போகிறேன்.

அதெல்லாம் போகட்டும். இம்புட்டும் செய்துவிட்டு ஒரு காரியம் செய்தீர்களே மச்சான்!

கட்டடம் என்று எழுதினால் ஃபைல் மதுரைக்குப் போகும், ஒப்புதலாகி வருவதற்குள் மரமெல்லாம் மழையில் வீணாகும் என்று பயந்தீர்கள். பதிவுப் புத்தகம் என் முன்னால் திறந்திருந்தது. தோளுக்குப் பின்னால் வந்து நின்றீர்கள். "ஏலே மாப்ளே, ஷெட்டுன்னு எழுதுலே. ஷெட்டுக்கு ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாக." நான் எழுதினேன். இங்கிலீஷில் நாலே எழுத்து. பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக நினைத்து அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம்.

போன மாதம் என்ஜினீயர் அதே புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "ஷெட்டுன்னா தற்காலிகம். காலம் முடிஞ்சிருச்சு. பிரிச்சிர வேண்டியதுதான்."

"சார், தூண்ல ஒரு கரையான் ஏறல. போய்ப் பாருங்க."

"பார்த்தேன்யா. நல்லாத்தான் இருக்கு. ஆனா காயிதத்துல அது ஷெட்டு."

என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். இதில் கொடுமையைக் கேளுங்கள். பிரிக்கிற மரம் செங்கல் காளவாசலுக்கு விறகாகப் போகிறதாம். அந்தச் செங்கல்லில்தான் புதுக் கட்டடமாம். விறகாகாமல் நீங்கள் காப்பாற்றிய மரம் மச்சான்! இதற்குத் தலையில் அடித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வது?

என்ஜினீயர் கெட்டவரில்லை. நான் வாசல் வரை போனபிறகு கூப்பிட்டார். "அது கட்டடம், ஷெட்டுன்னு பதிஞ்சது தப்புன்னு எழுதிக் குடுங்க. வரைபடத்தையும் சேத்து வைங்க. மேல அனுப்பி, பிரிக்கிறத நிறுத்தி வைக்கிறேன். ஆனா எழுதுனது யாரு, எழுதச் சொன்னது யாருன்னு விசாரணை வரும். உங்க வேலைக்கே ஆபத்தா முடியலாம். யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். யோசித்து யோசித்து வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். காண்ட்ராக்டர் வாங்கித் தருகிற காபியைக்கூடக் குடிக்காத ஓவர்சியர் என்று திண்டுக்கல்லில் உங்களுக்குப் பெயர். அந்த மனிதர் பொய்யாக எழுதச் சொன்னார் என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்? கொடுக்காவிட்டால் கூடம் போய்விடும், மரமும் போய்விடும். ஏன் மச்சான் அப்படி அவசரப்பட்டீர்கள்? கீற்றுப் போட்டு மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்குத்தான் வாய் எங்கே போயிருந்தது?

கடைசியில் தாடிக்கொம்புக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் கூறே கெடையாது" என்று ஆரம்பித்தது. உங்களுக்கும் சேர்த்துத்தான் திட்டு விழுந்தது. பிறகு கேட்டது.

"ஷெட்டுன்னு எழுதியிருக்கிற காயிதத்துல அவரு பேரு இருக்கா?"

"இல்லக்கா. ஷெட்டுக்கு வரைபடம் ஃபைல்ல வைக்கிறதில்ல. அதனால வரைஞ்சவரு பேரும் கெடையாது."

"அம்புட்டுப் பாடுபட்டுக் கட்டுனாரு. எங்கயுமே பேரு இல்லையா?"

அக்கா எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தது. கூடத்துக்கு நீங்கள் வரைந்து, ஆபீசில் கொடுக்காமலே விட்ட வரைபடம், நாலாக மடித்து, உங்கள் வேட்டிக்கு அடியில் இருந்தது. என் கையில் கொடுத்துவிட்டு அழுதது. நானும் அழுதேன்.

"விசாரணை வந்தா அவரு பேரு கெடும்க்கா" என்றேன்.

"கெட்டாக் கெடட்டும். மொதல்ல பேரு இருக்கட்டும். செத்தவருக்கு மெமோ குடுக்க எவன் வரப்போறான்? உனக்குத்தான் குடுப்பான். வாங்கிக்க."

உங்கள் மேல் இருக்கிற எரிச்சல் இன்னும் தீரவில்லை. அது சட்டென்று தீராது. பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை போனால் என்ன செய்வேன்?

ஆனாலும் திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கிறேன் மச்சான், இது சத்தியம். வரைந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். தவறாக எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருக்கும்.

உங்கள் வீட்டில் பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு,
உங்கள் மச்சினன்
சவரிமுத்து