ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்குவது

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். எண்ணூர்ப் பக்கம் வானம் சாம்பல் நிறம். கன்டெய்னர் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரிக்கு, இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடுகிறாள். உதடு நீலம். கால் வீக்கம். கல்யாணமாகிப் பத்து வருடம், தூசிதான், ஆஸ்துமாதான் என்று வாயில் அடிக்கிற பம்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
எக்கோ எடுத்த பெண் பாதியில் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

ஜூன் 10
எப்ஸ்டீன். சீட்டில் எழுதி வாங்கினேன். பிறவிக் கோளாறு. இதயத்தின் வலது பக்க வால்வு, இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இறங்கி ஒட்டியிருக்கிறது. சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் திரும்புகிறது. ரொம்ப அபூர்வமாம்.
மாத்திரை நான்கு. தண்ணீர் அளந்து. உப்பு குறைத்து. கருவாடு கூடாது.
"கருவாடு இல்லாம இன்னாத்த துன்றது?" சிரித்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

ஜூன் 12
கல்யாணமான புதிதில் ஒருநாள், தண்ணீர்க் குடத்தோடு இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து கத்தினேன், "நடிக்காத, ஏறி வாடி!" எதிர்வீட்டு மேரியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏறி வந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்
டாக்டர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். ஆபரேஷன் இல்லை. வலது பக்கம் தளர்ந்துபோய்விட்டது, மேசையிலேயே உயிர் போகலாம். பத்து வருடம் முன்பு வந்திருந்தால் செய்து பார்த்திருக்கலாமாம்.
ஸ்டெல்லா வெளியே பெஞ்சில் இருந்தாள்.
"இன்னா சொன்னாங்கோ?"
"மாத்திர போதுமாம்."
"ஒனக்குப் பொய் சொல்லத் தெரியல."

ஜூன் 18
வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் போன், எடுக்கவில்லை. அவளுக்குக் கால் பிடித்துவிடும்போது, அந்தக் குடத்து நாளைச் சொல்லி அழுதுவிட்டேன்.
"நானும் அப்டித்தான் நென்ச்சிகினு இருந்தேன்," என்றாள். "ஸ்கூல்லயே ஓட முடியாது. டீச்சரு சோம்பேறின்னு திட்டுவாங்கோ. எங்கம்மாவுந்தான். நம்ம ஒடம்பே அப்டித்தான்னு வுட்டுட்டேன்."
கொஞ்சம் நிறுத்தி, "அப்போ நான் சோம்பேறி இல்லல்ல?"
முகத்தில் சந்தோஷம். என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஜூன் 20
வெயில். தரைத்தள வீட்டு அண்ணன் எங்களோடு வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், அடுத்த மாதம். இனி ஸ்டெல்லா மாடி ஏற வேண்டாம். ஓடிவந்து சொன்னேன்.
"அட்த்த மாசமா," என்றாள். சுவர்க் காலண்டரில் நாட்களை விரலால் எண்ணினாள்.
பாத்திரங்களை இன்றே கட்ட ஆரம்பித்துவிட்டேன்.