நான்கு நாள் குவியல்

மெக்சிகோ நகரம்,
16 நவம்பர் 1953

ஃபிதென்சியோவுக்கு,

மூட்டைகள் வந்தன. திறந்ததும் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கிழங்கு முழுக்கப் புளித்திருக்கிறது. நறுக்கிய மறுநாளே வெயிலில் பரப்ப வேண்டும் என்று எட்டு வருடமாக எழுதுகிறேன்.

இதே கிழங்கிலிருந்து கூடுதல் மருந்துச்சத்து எடுத்துக் காட்டாவிட்டால், வருடக் கடைசியில் கூடத்தை மூடுவதாக முதலாளிகள் சொல்லிவிட்டார்கள். காட்டுக்கிழங்கில் மூட்டுவலிக்கு மருந்து இருக்கிறது என்று நான் முதலில் சொன்னபோது சிரித்தவர்கள் மறுபடி சிரிக்கக் காத்திருக்கிறார்கள். நாம் பிரிந்திருப்பது வேறு, வேலை வேறு. என்ன நடந்தது என்று எழுது.

முனைவர் எவுலாலியா மோன்தெஸ்
தலைமை வேதியியலாளர்


வாயே நாசியோனால்,
22 நவம்பர்

என் லாலி,

இருமல் நின்றதா? அந்தப் புகையில் நிற்காதே என்றால் கேட்கவா போகிறாய்.

தப்பு என்னுடையதுதான். அக்டோபர் முப்பதாம் தேதி நறுக்கிக் குவித்தோம். மறுநாள் பரப்பக் கூப்பிட்டால் ஒருவரும் கிழங்கைக் கிளறும் இரும்பு வாரியைத் தொடவில்லை. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் இங்கே யாரும் இரும்பை எடுக்க மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. கிழங்கு நறுக்குகிற தொமாசாவிடம், நீ கோபப்படுவாய் என்றேன்.

“உங்க டாக்டரம்மாவுக்கு அவ்வளவு அவசரம்னா அவங்களே வந்து கிளறட்டும். வர்றவங்க கால்ல வாரி குத்திச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றாள்.

வாழையிலை போட்டு மூடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நவம்பர் மூன்றாம் தேதிதான் பரப்பினோம். உண்மையைச் சொன்னால், எனக்கும் நேரம் வேண்டியிருந்தது. நம் மகள் நியேவெஸுக்குப் படையல் வைத்தேன். இருந்திருந்தால் பதினாறு. நான் இன்னும் ஆறு வயதுக்காரிக்குத்தான் சாக்லேட் காய்ச்சுகிறேன். அவள் செருப்பையும் வைத்தேன். உன் பங்குக்கு எதுவும் வைக்கவில்லை. உனக்குப் பிடிக்காது என்று விட்டுவிட்டேன்.

அந்த மூட்டைகளைக் கொட்டிவிடு. புதிது அனுப்புகிறேன்.

உன்
ஃபிதென்சியோ


மெக்சிகோ நகரம்,
3 டிசம்பர்

அன்புள்ள ஃபிதென்சியோ,

கொட்டவில்லை. எதையும் சோதிக்காமல் கொட்டுவது என் வழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். சத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. நம்பவில்லை. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் அதேதான். குவிந்து புளித்தபோது, கிழங்கு தானாகவே நமக்கு வேண்டியதைப் பிரித்து விட்டிருக்கிறது. அதை வெயிலில் போட்டுத் தடுத்துக்கொண்டிருந்தது எட்டு வருடமாக நான்தான்.

கூடத்தை மூடப்போவதில்லை.

நறுக்கியபின் நான்கு நாள் மூடி வைக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதி, கண்டறிந்தவர்களில் உன் பெயரையும் தொமாசாவின் பெயரையும் சேர்த்தேன். யார் இவர்கள் என்று முதலாளி கேட்டார். “என் பேச்சைக் கேக்காதவங்க” என்றேன். சிரித்தார். சரியாக நான்கு நாள் ஏன் என்றும் கேட்டார். ஐந்து சோதனைகளின் கணக்கு இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

பத்து வருடமாக அந்த நாட்களில் நான் கூடத்தைவிட்டு வெளியே வந்ததில்லை. செத்தவர்கள் வருவார்கள் என்று இப்போதும் நான் நம்பவில்லை. அதை நீ சோதித்துக் காட்டவும் முடியாது.

அடுத்த அக்டோபர் முப்பதாம் தேதி பேருந்தில் வருகிறேன். எனக்காக எதையும் மாற்றாதே. சாக்லேட்டை மட்டும் காய்ச்சிவிடாதே. நீ எப்போதும் சர்க்கரையை அள்ளிப் போடுவாய். அவளுக்கு அது பிடிக்காது. நான் வந்து காய்ச்சுகிறேன்.

லாலி