உடுக்கின் அட்டையில் எந்தப் பெயர்?

அன்புள்ள ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கோ. பகலில் பேனாவை எடுத்தால் யாருக்குக் கடிதம் என்று மாமி கேட்பா. செத்து இரண்டு வருசமான தகப்பனுக்கு என்று எப்படிச் சொல்வது?

போன சனிக்கிழமை சின்னவளைக் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் உங்கள் உடுக்கு. அதன் ஒடுங்கிய இடுப்பில், கயிறு அறுந்த அன்று என் பின்னலிலிருந்து உருவி நீங்கள் கட்டிய பச்சைக் கல்லூரி ரிப்பன், வெளிறிப்போய், இன்னும் கிடக்கிறது.

“அம்மா, மேளத்துக்கும் ரிப்பன் கட்டியிருக்கு. உது ஆருடைய மேளம்?”

“தெரியாது, பிள்ளை” என்றேன்.

பெட்டியிலுள்ள அட்டையும் அதைத்தான் சொல்கிறது: வாசித்தவர் பெயர் தெரியாது. அப்படி எழுதிக் கொடுத்தது நான்தான், ஐயா. நீங்கள் போய் ஒரு மாதத்தில், மாமியின் கண்ணில் பட முன்னம் உடுக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படிவத்தில் பெயர் கேட்ட இடத்தில் கை நின்றுவிட்டது.

எதை எழுதியிருப்பேன்? என்னை மிஷன் கல்லூரியில் சேர்க்க நீங்கள் சாமுவேல் ஆனீர்கள். புதுக்கடைக் கோட்டில் கிளாக்கர் சாமுவேல். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனை அம்மன் கோவிலில் உடுக்குச் சாமித்தம்பி. “சாமுவேலுக்குச் சம்பளம், சாமித்தம்பிக்குச் சந்தோசம்” என்று எனக்கு மட்டும் கண்ணடித்துச் சொல்வீர்கள். வெளியில் மூச்சு விடாதே என்பீர்கள். நான் விடவில்லை.

இன்று தனியே போய், அட்டை பிழை, அவர் என் தகப்பன் என்று அங்குள்ள உத்தியோகத்தரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. திங்கட்கிழமை பெயரை எழுதிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பெயருக்குத்தான் இடமாம்.

சாமுவேல் என்றால் கோவில் சனத்துக்கு அது யாரோ. சாமித்தம்பி என்றால், இத்தனை வருசம் தேவாலயத்தில் முழங்காலில் நின்றது யார் என்று மாமி வீட்டார் கேட்பார்கள். தையில் சின்னவளையும் அதே கல்லூரியில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்க வேண்டும், அங்கேயும் கேட்பார்களோ? என் வீட்டுக்காரர் சொல்கிறார், “பெயரில்லாமலே நல்லாத்தானே கிடந்தது. இப்ப என்னத்துக்குக் கிண்டுறீர்?”

ஒளித்து வைக்கச் சொன்னது எனக்காகவா, உங்களுக்காகவா? அதை நான் ஒருநாளும் கேட்கவில்லையே.

நீங்கள் எதைச் சொன்னாலும் என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். சின்னவளை அந்தப் பெட்டிக்கு முன்னால் நிறுத்தி, அந்தப் பெயரை அவளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

திங்களுக்கு இன்னும் இரண்டு நாள்தான். கெதியாய்ப் பதில் போடுங்கோ, ஐயா.

தெரியாது என்று எழுதிய உங்கள் மகள்,
றோஸ் இராசம்மா