கொம்புக்கு வாங்கிய பெயிண்ட்

இன்று காலை கோழிக்கூட்டின் கதவு கழன்று விழுந்துவிட்டது. எந்தக் கதவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் காரைக் கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டபோது, "இது ஒண்ணு இருக்கட்டும்டி" என்று பின்சீட்டுக் கதவு ஒன்றை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, கோழிக்கூட்டுக்குப் பொருத்தினீர்களே, அதுதான். கல்லில் மோதி ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. மேலே வெள்ளை, அதற்குக் கீழே சந்தன நிறம், அதற்கும் கீழே நீலம்.

பெரியவன் பொங்கலுக்கு வந்திருக்கிறான். போன ஆடியில் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து அவனுக்கு ஒரே பேச்சுதான். "இந்தத் துருப்புடிச்சத இன்னாத்துக்கும்மா வச்சிக்கினு இருக்க? தூக்கிப் போட்டுட்டு என்கூட மெட்ராசுக்கு வந்துடு" என்றான். நான் நீலத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகு வந்த முதல் பொங்கல் நினைவிருக்கிறதா? நீங்கள் காரோட்டிய துரை கப்பலேறிவிட்டார். கப்பலில் ஏற்றிப் போகுமளவுக்கு அந்தக் கார் பெறாது என்று, கடைசிச் சம்பளத்துக்குப் பதிலாக அதை உங்கள் தலையில் கட்டிவிட்டார். நீங்களோ சொத்தே வந்துவிட்ட மாதிரி வில்லியனூர்த் தெருவில் ஆரன் அடித்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பதாக யோசனை. வண்டியோ கன்னங்கரேல் என்று இருந்தது. கல்யாணத்துக்குக் கறுப்பு வண்டியை யார் கூப்பிடுவார்கள்? அதைச் சொன்னால் உங்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "காருன்னா கறுப்புதான்டி. ஒனக்கு இன்னா தெரியும்?" என்பீர்கள். எனக்கு அரிசிப் பானை காலியாவது தெரியும்.

பொங்கல் சீர் கொண்டுவந்த என் அண்ணன், வண்டியைப் பார்த்துச் சிரித்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "மாப்ள, இத இரும்புக் கடையில போட்டுட்டு ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கே வந்துடுங்க. கரும்புத் தோட்டத்தப் பாத்துக்க ஆளில்லாம கஷ்டப்படறேன்" என்றார். கெட்ட மனதோடு சொல்லவில்லை. நீங்கள், "தை போவட்டும் மச்சான்" என்று மட்டும் சொன்னீர்கள். அவர் போன பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "அங்க சோறு கெடைக்கும்டி. ஆனா கதவ நாம தொறக்க முடியாது."

அந்தத் தையில் நமக்கு வந்தது ஒரே ஒரு கல்யாணம். பாகூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர், மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வேண்டுமென்று தேடி வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். "எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கறுப்பு வண்டியா? ஊர் வாயில உழுந்து எழுந்திருக்க முடியுமா? வேற நெறம் அடிச்சிக் கொண்டாங்க டிரைவரே. இல்லன்னா எங்க மாட்டு வண்டியே போதும்."

நீங்கள் டவுனுக்குப் போய் காருக்கு அடிக்கிற பெயிண்ட் விலையைக் கேட்டுவிட்டு, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் திரும்பி வந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாட்டுப் பொங்கல் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் கொம்புக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் மிச்சம் இருக்கும். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கூடை நிறையக் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். "இன்னாடி, ஒங்க காருக்குக் கொம்பு மொளச்சிடுச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சிரித்தாலும் ஊற்றினார்கள். அரியூர் வரைக்கும் நடந்தேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று கூடை கொள்ளாமல் கிடைத்தது.

நான் உலை வைக்க உள்ளே போன நேரத்தில் நீங்கள் செய்த வேலை இருக்கிறதே! எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் முழுக் காருக்கும் எட்டும் என்று, வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். வந்து பார்த்தால் வாளியில் பச்சைச் சாணி நிறம். "அடப்பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். கட்டின புருஷனை அப்படிச் சொன்னது அன்றைக்கு ஒரு நாள்தான். நல்லவேளை, பாதியோடு பிடுங்கிக்கொண்டேன்.

நீங்கள் குச்சியைப் போட்டுவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்தீர்கள். "ஒங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்.

"சொல்லி அனுப்ப மாட்டேன். மாட்டுக்குக் கொம்புக்கு ஒரு நெறமா அடிக்கலியா? கதவுக்கு ஒரு நெறம் அடிங்க" என்றேன்.

"கூத்தாடி வண்டியாட்டம் இருக்கும்டி."

"இருந்துட்டுப் போவட்டும்."

தச்சர் தேய்த்துப்போட்ட உப்புத்தாளை வைத்து நீங்கள் தேய்க்க, கிழிந்த வேட்டித் துணியில் தொட்டு நான் பூசினேன். முன்பக்கம் சிவப்பு, ஒரு பக்கக் கதவுகள் நீலம், மறுபக்கம் பச்சை, பின்பக்கம் மஞ்சள். சாணி நிறத்தைக் கூரைக்கு அடித்தோம், அங்கே யார் ஏறிப் பார்க்கப் போகிறார்கள்? பக்கத்துக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் பதர் பறந்து வந்து ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. நீங்கள் ஊசியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தீர்கள். கூத்தாடி வண்டி என்று வைதுகொண்டே அத்தனை பொறுமையாக எடுத்தீர்கள்.

பாகூருக்குக் கிளம்பும்போது, "நீயும் வா, தனியா என்னால ஆவாது" என்றீர்கள். பண்ணைக்காரர் வெளியே வந்தார். வண்டியை முழுதாகச் சுற்றி வந்தார். சிவப்பைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். நான் முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இன்னா டிரைவரே இது, கோயில் காளையாட்டம் கொண்டாந்திருக்கீங்க?" என்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் திரும்பி, "சந்தனம் குங்குமம் எடுத்தாங்க. மாலையும் கொண்டாங்க. காளைக்குப் பொட்டு வைக்கணும்" என்று குரல் கொடுத்தார். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள், வியர்வை என்று நானும் நம்புகிற மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கோயில் காளை என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் காசு வந்ததும் சந்தன நிறம் அடித்தீர்கள், பிறகு வெள்ளை. பழையதை முழுதாகச் சுரண்டிவிட்டு அடிக்கச் சொன்னார் பெயிண்டர். "வேணாம், மேலயே அடி" என்றீர்கள். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்க நீங்கள் இல்லை.

பெரியவன் நல்ல பிள்ளை. அங்கே எனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான். அவன் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கதவு தானே சாத்திப் பூட்டிக்கொள்ளும். வெளியே போனால் யாராவது வந்து திறக்கும்வரை நான் மாடிப்படியில் நிற்க வேண்டும்.

மத்தியானம் மறுபடி கேட்டான், "இன்னாம்மா முடிவு பண்ண?" என்று. நீங்கள் அண்ணனுக்குச் சொன்ன மாதிரி, தை போகட்டும் என்று நாள் கடத்த எனக்குத் தெரியாது. சுத்தியலையும் ஆணியையும் எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"மொதல்ல இந்தக் கதவ மாட்டுடா. மாட்டிட்டு நீ ஊருக்குக் கெளம்பு. நான் இங்கதான் இருப்பேன்" என்றேன்.

குனிந்து கதவை மாட்டிக்கொடுத்தான். சாயங்காலம் கைப்பிடியைத் திருகிக் கோழிகளை அடைத்தேன். பெயர்ந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கவா என்று கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நீலம் அப்படியே வெளியில் தெரியட்டும்.