துக்க வீட்டு ஸ்டார்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. துவைத்த துணி எதுவும் காயவில்லை. கரண்ட் வேறு வருவதும் போவதுமாக.

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஏழாவது பாடம் எழுதி முடித்து கொழிஞ்சாம்பாறை ஆபீசுக்கு அனுப்பியாயிற்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான புத்தகம். அட்டையில் என் பெயர் வரப்போவது முதல் முறை. அம்மா இருந்திருந்தால் சூரியநெல்லி முழுக்கத் தம்பட்டம் அடித்திருப்பாள்.

பாடத்தில் வருவதே அம்மா செத்த வருஷத்துக் கிறிஸ்துமஸ்தான். எனக்கு ஒன்பது வயது. எஸ்டேட் லயத்தில் எங்கள் சபை வீடுகளிலெல்லாம் ஸ்டார். எங்கள் வாசல் மட்டும் இருட்டு. துக்க வீட்டில் ஒரு வருஷம் ஸ்டார் கட்டக்கூடாது. எங்களுக்குச் சமைத்துப்போட வந்திருந்த சித்திகூடக் கட்டவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மூங்கில் குச்சி, சிவப்புத் தாள், மைதாப் பசை. "ஒங்க ஆளுகதான கட்டக்கூடாது? நான் ஒங்க ஆளு இல்லயே" என்றாள். அப்பா வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து சோறு தின்றோம்.

நவம்பர் 13, வியாழன்

மழை. வாங்க: புளி, சோப்பு, கொசுவர்த்தி.

சாம் பிரதர் போன். ஆபீசில் பாடங்களைப் பார்ப்பவர்.

"ஏனுங்க சிஸ்டர், பாடத்தைப் படிச்சுட்டு எங்க ஊட்டுல அழுதுட்டாங்க. ஒரே ஒரு விசயமுங்க. அந்த அக்கா நம்ம சபை ஆளா இருக்கோணும். மேரி அக்கான்னு போட்டுருங்க. அந்தத் துண்ணூறையும் எடுத்துருங்க."

"அவங்க மேரி இல்லையே பிரதர்."

"கதைதானுங்களே. நம்ம அடையாளம் இருக்கோணும்னுதான் நம்ம புக்கு வாங்கறாங்க. இப்படியே உட்டா கமிட்டில நிக்காதுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கோபம். முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. நானும் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் எழுதவே உட்காருகிறேன். விசுவாசத்தில் அவருக்கு நான் குறைந்தவள் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

முத்துலட்சுமி அக்காவைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல். விஷயத்தைச் சொன்னேன். உள்ளி உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு.

"மேரின்னா மேரி. ஒம் பேரு பொஸ்தகத்துல வந்தாப் போதும். நானா வாசிக்கப் போறேன்?"

கொஞ்சம் கழித்து, "துண்ணூறயுமா அழிக்கச் சொல்லுதாக?"

பாலில்லாக் கட்டன் டீ குடித்தோம். சின்னக்கானல் பக்கம் யானை இறங்கியிருக்கிறதாம். பழைய லயத்தைப் பற்றி வெகுநேரம். கேரல் பாடி வருகிறவர்களுக்கு அவள் வீட்டில்தான் கட்டன். மாரியம்மன் கோயில் கூழுக்கு விறகு பிளப்பது எங்கள் அப்பா. யாரும் யாரையும் பெயர் மாற்றச் சொன்னதில்லை. அந்த லயத்து ஆட்களில் பாதிப் பேர் இப்போது தேனியிலும் திருப்பூரிலும். எல்லாரையும் ஒரு தரம் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நவம்பர் 15, சனி

வெயில். துணி காய்ந்தது.

மாற்றி எழுத உட்கார்ந்தேன். முத்துலட்சுமி போய் மேரி வந்தாயிற்று. திருநீற்றை எடுத்தாயிற்று. "நான் ஒங்க ஆளு இல்லயே" என்ற வரிக்கு வந்ததும் கை ஓடவில்லை. மேரி எங்கள் ஆள்தானே. அவள் எப்படிக் கட்டுவாள்?

சாம் பிரதருக்குப் போன் போட்டேன்.

"மாத்திட்டீங்களா சிஸ்டர்?"

"மாத்திப் பாத்தேன் பிரதர். மேரி வாசல் வரைக்கும் வாரா. துக்க வீடுன்னு திரும்பிப் போயிருதா. எங்க வீடு இருட்டாவே கெடக்கு."

மெதுவாகக் கேட்டார், "அந்த ஒரு பாடத்தை மட்டும் உட்டுரலாமுங்களா?"

"அது இல்லன்னா நானும் இல்ல. புக்க வேற ஆளுகிட்ட குடுத்துருங்க."

வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அழுகை. அட்டையில் என் பெயரைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. இப்போதும் ஆசைதான்.