ஜாஸ்தி கருப்பான அட்டை

பிப். 7, வெள்ளி

காலையில் பனி. ஒன்பது மணிக்கும் மலை தெரியவில்லை. வேங்கிக்காலிலிருந்து பள்ளி வரை பஸ்ஸில் நின்றபடி. வாங்க வேண்டியவை: பல்பு, அம்மாவுக்குத் தைலம், உளுந்து. மூன்றும் மறந்தாச்சு.

ஏழாம் வகுப்பு, வளிமண்டலம், முதல் நாள். "காத்து எங்க டீச்சர் முடியும்? மலை உச்சிலயா?" நல்ல கேள்வி. கீழ்பென்னாத்தூரிலிருந்து சித்தி கொடுத்தனுப்பிய வறுத்த வேர்க்கடலை, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கடலை பூமி. மேலே இருக்கிற சிவப்புத் தோல் காற்று. "இவ்ளோதான் நமக்கும் சாவுக்கும் நடுவுல" என்று கொஞ்சம் ஓவராகவே பேசினேன். போர்டில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் தேய்த்து, ஊதி, வாயில் போட்டாச்சு. தோல் எல்லாம் தரையில். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சங்கவி மட்டும் தோலோடு உள்ளங்கையில் வைத்திருந்தாள். "ஊதுனா எனக்கு இருமல் வரும் டீச்சர்." வீசிங் இருக்கிற பெண். சாக்பீஸ் தூள் படாமல் ஜன்னலோரம் உட்கார வைத்ததே நான்தான்.

பிப். 10, திங்கள்

நாளை பௌர்ணமி, தைப்பூசம். லீவு. எச்.எம். சார் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கண்காட்சி. உங்க ஏழாவது என்ன பண்ணுது?" ஒன்றும் பண்ணவில்லை.

பாதிப் பிள்ளைகளுக்குக் கிரிவலப் பாதையில்தான் வீடு. நின்ற நிலையில் தோன்றிய யோசனை: வெள்ளை அட்டை, மேலே தேங்காய் எண்ணெய். பௌர்ணமி அன்று வாசலில் தொங்கவிட்டால் கற்பூரப் புகை, வண்டிப் புகை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். காற்றில் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைசி பீரியடில் முப்பது பேருக்கும் அட்டை கொடுத்தேன். கடைசியாக ஒரு தூண்டில்: "யாரோட அட்டை ஜாஸ்தி கருப்போ, அதுதான் சார்ட்டு நடுவுல." முப்பது முதுகும் நிமிர்ந்தன. இந்த வருஷம் இப்படி ஒரு வகுப்பை நான் பார்க்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

பிப். 11, செவ்வாய்

துணி. மாவு புளித்துவிட்டது. சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தால், மலையடிவாரம் முழுக்கப் புகை, இடுப்பில் கட்டிய துண்டு மாதிரி. ஒரு நடை போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். கூட்டம். கால் வலி. போகவில்லை.

பிப். 12, புதன்

அட்டைகள் 26. சாம்பல், பழுப்பு, ஒன்றில் செத்த கொசு. மறந்து வந்தவர்கள் மூன்று பேர். சங்கவி வரவில்லை.

அவள் பக்கத்து வீட்டு யாழினி சொன்னாள்: "அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்ட்டாங்க டீச்சர். மூச்சு வுட முடியல." பிறகு மெதுவாக: "அவ வாசல்ல மாட்டல. அவங்க அம்மா கற்பூரம் விக்கிற எடத்துல, கொளுத்துற தட்டு பக்கத்துலயே அட்டைய புடிச்சிகினு குந்திகினு இருந்தா. சாயங்காலத்துலேர்ந்து."

பௌர்ணமிக்குக் கற்பூரத் தட்டு எப்படி எரியும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா. வீசிங் தெரியாதா. இரண்டும் தெரியும். சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாலரை மணி, குழந்தைகள் வார்டு. முகத்தில் மாஸ்க். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போய் வருகிறது. நெற்றியில் கருப்பாக ஒரு கீற்று. அவள் அம்மா முந்தானையில் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார். கன்னங்கரேல்.

"சாமி எதிர்ல புடிச்ச புகை டீச்சர். தீப மை மாதிரிதானே இதுவும்? அதான் கொஞ்சம் வழிச்சி நெத்தியில வெச்சி வுட்டேன். சரியாப் பூடும்."

மகாதீபக் கொப்பரையில் படிகிற கரியைத்தான் மார்கழியில் மை என்று கொடுக்கிறார்கள். என் பர்ஸிலேயே ஒரு பொட்டலம் இருக்கிறது. என்ன சொல்லி அதைத் துடைப்பது. துடைக்கவில்லை.

"என்மேலதாம்மா தப்பு" என்றேன். "நீங்க என்னா பண்ணுவீங்க டீச்சர். பள்ளிக்கூட வேலையாச்சேனு நான்தான் நகராம புடிடினு சொன்னேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

சங்கவி மாஸ்க்கைத் தூக்கினாள். "என்னுதுதானே டீச்சர் ஜாஸ்தி?"

"ஆமாம்மா."

நர்ஸ் மாஸ்க்கைத் திரும்ப வைத்தார். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம், இனிமேல் புகைப் பக்கமே போகக் கூடாது என்கிறார் டாக்டர். அவர்கள் குடியிருப்பதும் பிழைப்பதும் அந்தப் பாதையில்தான். எனக்கு இந்த வேலையே வேண்டாம் என்று இருக்கிறது.

பிப். 13, வியாழன்

பனி. தைலம் வாங்கியாச்சு.

எச்.எம். சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ஸ்கூல் பேரு வெளிய வராதுல்ல?" கொஞ்ச நேரம் கழித்து: "அந்த அட்டைய வாங்கினு வந்துடுங்க டீச்சர். அதுதான் நல்லா வந்திருக்குனு சொன்னீங்களே." நான் அப்படிச் சொல்லவே இல்லை. கன்னங்கரேல் என்று மட்டும்தான் சொன்னேன்.

26 அட்டையும் சார்ட்டில் ஒட்டியாச்சு. நடு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த அட்டையைக் கேட்க எனக்கு வாய் வராது.

ஐந்தாம் பீரியட். 'வளிமண்டலம் ஏன் முக்கியம்' என்று போர்டில் எழுதினேன், அதற்கு மேல் ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு நடந்ததைச் சொன்னேன். கருப்பு அட்டைக்கு ஆசை காட்டியது என் தப்பு, சங்கவிக்கு அதனால்தான் இப்படி ஆனது, அந்தப் புகையில் யாரும் உட்காரக் கூடாது. யாழினிக்குக் கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை, ஒரு தடவையாவது ஏறியது என்று நினைத்தேன்.

யாழினி கை தூக்கினாள். "டீச்சர், அடுத்த பௌர்ணமிக்கு சங்கவியால வர முடியாதுல்ல. அவ எடத்துல அட்டைய புடிச்சிகினு நான் குந்திக்கட்டா?"

பின்னால் இன்னும் நாலு கை.